பின்வரிசைப் பிள்ளைகள்

வாசகியின் கேள்வி:

என் கணவருக்கு முதலூர்ப் பக்கம். 1989-இல் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு நானும் இங்கேயே. எங்கள் சபையில் முக்கால்வாசிப் பேர் நெல்லை, தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள்தான். இரண்டு வருடமாக, கம்பெனி ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் ஜார்க்கண்ட் பெண் பிள்ளைகள் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறார்கள். ஒருநாள் முன்வரிசையில் உட்கார்ந்த இருவரை எழுப்பி, செருப்பு விடும் வாசலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அதிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் அங்கேதான் உட்காருகிறார்கள். சொந்தச் சபையிலிருந்து கடிதம் இல்லை என்று, ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்தும் கொடுக்கவில்லை. போன மாதம் ஒரு அம்மாவின் போன் காணாமல்போனபோது, இவர்களின் பைகளை மட்டும் திறந்து பார்த்தார்கள். போன் அந்த அம்மாவின் ஸ்கூட்டர் டிக்கியிலேயே இருந்தது. அதற்கப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போது மதியத்தில் இந்தி ஆராதனை நடத்த ஹாலைக் கேட்டிருக்கிறார்கள். சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டியின் செயலாளர் என் கணவரின் அண்ணன். "இன்றைக்கு ஹால், நாளைக்குச் சபையே அவர்கள் கையில் போய்விடும்" என்கிறார். மதமாற்றம் என்று யாராவது புகார் கொடுப்பார்கள் என்றும் பயப்படுகிறார்கள். நான் இரண்டு பிள்ளைகளை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்ததற்கு என் கணவர் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. "இரக்கம் காட்ட வேண்டியதுதான், அதற்கு ஒரு எல்லை வேண்டாமா?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் கணவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இரக்கத்துக்கு எல்லை உண்டா என்று பார்ப்பதற்கு முன்னால், இந்தப் பிள்ளைகள் உங்களிடம் இரக்கம் கேட்டார்களா என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் பணம் கேட்கவில்லை, சோறு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தார்கள், உட்கார்ந்தார்கள், திருவிருந்துக்கு எழுந்து போனார்கள். ஞானஸ்நானம் பெற்ற எந்தக் கிறிஸ்தவரும் வெளியூரில் செய்வதைத்தான் செய்தார்கள். ஆகவே இதில் பாதி விஷயம் இரக்கத்தின் கணக்கிலேயே வராது. அவர்களுக்கு உரியதை நாம் தடுத்து வைத்திருக்கிறோம்.

ஜார்க்கண்டின் கிறிஸ்தவ வரலாறு உங்கள் சபையாருக்குத் தெரிந்திருந்தால் அந்தக் கடிதப் பிரச்சினையே வந்திருக்காது என்று நினைக்கிறேன். பெர்லினிலிருந்து கோஸ்னர் என்ற போதகர் அனுப்பிய நான்கு மிஷனெரிகள் ராஞ்சிக்கு வந்தது 1845-இல். ஐந்து வருடம் ஒருவரும் சேரவில்லை. 1850-இல் உராவ் இனத்தவர் முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்றார்கள். அங்கே வளர்ந்த லுத்தரன் சபை 1919-லேயே தன் நிர்வாகத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. 1885-இல் அந்தப் பகுதிக்கு வந்த லீவன்ஸ் என்ற பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு, நிலத்தை இழந்துகொண்டிருந்த ஆதிவாசிகளுக்காக நீதிமன்ற வழக்குகளில் துணை நின்றார். அதன் பிறகு அங்கே கத்தோலிக்கத் திருச்சபையும் பெருகியது. உங்கள் பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளில் சிலர் நான்காம், ஐந்தாம் தலைமுறைக் கிறிஸ்தவர்களாக இருக்கலாம்.

திருவிருந்து விஷயத்தைக் கமிட்டிக்குக் கொண்டுபோகவே வேண்டாம். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் ஆயர். நீங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இன்னும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேரே அவரிடம் போங்கள். வெளியூர் சபையில் திடப்படுத்தல் (திருவிருந்தில் பங்குபெறத் தகுதி தரும் சடங்கு) பெற்றவர்கள் நம்முடைய பீடத்துக்கு வருவது புதிய விஷயமில்லை. சென்னையிலிருந்து உறவினர் வந்தால் நாம் கடிதம் கேட்பதில்லையே. சந்தேகம் இருந்தால், அந்தப் பிள்ளையின் ஊர்ப் பாதிரியாருக்கு ஒரு போன் போட்டால் போதும், ஞானஸ்நானச் சான்றைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். அவர்களில் கத்தோலிக்கப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் சபையின் ஒழுங்கு வேறு. அதையும் ஆயர் அவர்களிடமே பக்குவமாகப் பேசட்டும். எல்லோர் முன்னாலும் பீடத்திலிருந்து திருப்பி அனுப்புவது மட்டும் இனி நடக்கக் கூடாது.

அடுத்தது உங்கள் அத்தானின், அதாவது கணவரின் அண்ணனுடைய பயம். அவரைக் கடின மனதுக்காரர் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரை விட்டு வந்த மனிதருக்குச் சொந்தப் பேச்சைக் கேட்கக் கிடைத்த ஒரே இடம் அந்தச் சபை. ஆலய நிதிக்காக வீடு வீடாக அலைந்திருப்பார். ஊர் முறைப்படி சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பந்தி நடத்துவதற்கு எத்தனையோ பேரிடம் சண்டை போட்டிருப்பார். அதெல்லாம் கையை விட்டுப் போய்விடுமோ என்கிற பயத்தை வேத வசனத்தால் அடிக்க முடியாது. வசனம் அவருக்கு உங்களைவிட அதிகம் தெரியும்.

அதனால் அவரிடம் வாதாடாமல் ஒன்று கேளுங்கள். திருப்பூருக்கு வந்த முதல் வருடம் கிறிஸ்துமஸுக்கு எங்கே சாப்பிட்டீர்கள், அத்தான்? லீவு கிடைத்ததா? எந்தக் கோயிலுக்குப் போனீர்கள், அங்கே யார் பேசினார்கள்? அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் காண்பது இது: பிழைக்கப் போன இடத்தில் பட்ட அவமானத்தை மனிதர்கள் மறப்பதில்லை, ஆனால் அதைப் பேச அவர்களுக்கு வாய்ப்பு கிடைப்பதில்லை. பேசிவிட்டால் பாதி இறுக்கம் தளரும். கர்த்தர் இஸ்ரவேலரிடம் அந்நியனை நேசியுங்கள் என்று சொன்னபோது சொன்ன காரணமும் இந்த ஞாபகம்தான். நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தீர்களே என்றார். லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்திலும் உபாகமம் 10-ஆம் அதிகாரத்திலும் அது இருக்கிறது.

நீங்கள் முதலூர்ப் பக்கம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். அந்த ஊர் உருவானதே துரத்தப்பட்டவர்களுக்காக. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டதற்காகச் சொந்த ஊரில் வீடிழந்து, அடிபட்டு வந்தவர்கள் தங்குவதற்கென்று 1799-இல் தாவீது சுந்தரானந்தம் முன்னின்று நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர் அது. அந்த ஊரிலிருந்து வந்த குடும்பம் இன்னொருவருக்கு உட்கார இடமில்லை என்று சொல்வது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

சபையின் அடையாளம் போய்விடும் என்கிற பேச்சுக்கு வருவோம். மிஷனெரி உண்டியல் உங்கள் சபையிலும் இருக்கும். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, திருநெல்வேலிச் சபையார் சொந்தக் காணிக்கையில் தெலுங்கு தேசத்துக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அப்புறம் எஃப்.எம்.பி.பி. என்ற மிஷனெரி ஜெபக்குழு மூலமாகத் தமிழ்ப் பிள்ளைகள் இன்றைய ஜார்க்கண்டின் மலைகளில் மால்டோ மக்கள் நடுவே போய்த் தங்கினார்கள், மலேரியாவில் விழுந்து எழுந்தார்கள். நம் தாய்மார் பிடியரிசி எடுத்துவைத்து அந்த ஊழியத்தைத் தாங்கினார்கள். நெல்லைக் கிறிஸ்தவனுக்கு அடையாளம் என்று ஒன்று உண்டென்றால் அதில் இதுவும் சேர்ந்தது. யாருக்காக அவ்வளவு தூரம் ஆளனுப்பி ஜெபித்தோமோ, அந்த மண்ணின் பிள்ளைகள் இன்று தாங்களாகவே ரயிலேறி உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். கமிட்டியில் யாராவது எழுந்து இதை மட்டும் சொன்னால்கூடப் போதும்.

அவர்களை ஊரில் எல்லோரும் இந்திக்காரர்கள் என்கிறோம். பலருக்கு இந்தி தாய்மொழியே கிடையாது. உராவ் மக்களின் குடுக், மால்டோ மக்களின் மொழி, இரண்டும் தமிழோடு ஒரே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தவை. முண்டாரி, காரியா பேசுகிறவர்கள் உண்டு, வீட்டுக்கு வெளியே பொதுவாகச் சாத்ரி பேசுகிறவர்களும் உண்டு. இந்தி அவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் வந்த மொழி. எந்த ஊர், வீட்டில் என்ன பேச்சு என்று பெயரோடு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த விசாரிப்பே பலருக்கு இங்கே வந்த பிறகு கிடைத்திருக்காது.

ஹாலைக் கொடுக்கலாமா? கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. துக்கம் வந்தால் ஜெபிக்கவும் சந்தோஷம் வந்தால் பாடவும் தெரிந்த மொழி வேண்டும். ஆனால் ஹாலைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று சபையார் நினைத்தால் எனக்குச் சம்மதமில்லை. "அவர்களுக்குத் தனி ஆராதனை இருக்கிறதே, காலையில் ஏன் வருகிறார்கள்" என்ற பேச்சு கொஞ்ச நாளில் வந்துவிடும். நம் பக்கத்துக் கோயில்களில் பிரிவினை எப்படி வந்தது என்று நமக்குத் தெரியும். வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கம் என்று சுவர் வைத்து, அது 1910-இல்தான் இடிக்கப்பட்டது. சீர்திருத்தச் சபைகளிலும் தனிப்பாய், தனிப்பெஞ்சு இருந்தது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் இனி அது கூடாது என்று உத்தரவு போட்டபோது, தஞ்சாவூர், சென்னைச் சபைகளில் பெரிய கலகமே நடந்தது. அங்கும் ஆரம்பம் உட்காரும் இடம்தான். செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சை ஒதுக்கியதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இது. யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டிக்கப்படுவதும், ஏழையைப் பார்த்து நீ அங்கே நில்லு, என் பாதபடியில் உட்காரு என்று சொன்ன சபையைத்தான்.

இங்கே அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பங்கு சரியாகப் போய்ச் சேரவில்லை. முறுமுறுப்பு எழுந்தது. எபிரெயர்தான் பெரும்பான்மை, சபையும் அவர்கள் ஊரில்தான். அப்போஸ்தலர் அந்த விதவைகளுக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாகக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எழுவர் பெயரும் கிரேக்கப் பெயர். நிக்கொலா அந்தியோகியாக்காரர், யூதராகப் பிறந்தவர்கூட இல்லை. முறையிட்ட பக்கத்து ஆட்கள் கையிலேயே மொத்தச் சபையின் பந்தியையும் கொடுத்துவிட்டார்கள். அதனால் சபை யார் கைக்கும் போய்விடவில்லை. சீஷருடைய தொகை மிகவும் பெருகியது என்றுதான் அடுத்து எழுதியிருக்கிறது.

உங்கள் சபையில் இதை எங்கே தொடங்கலாம்? அசனத்தில் தொடங்குங்கள். அந்தப் பிள்ளைகளை விருந்தாளிகளாக ஓரமாக உட்கார வைத்து இலை போடாதீர்கள். முந்தின நாள் காய்கறி வெட்ட, சோறு வடிக்க, பந்தியில் பரிமாற உங்கள் பெண்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்து வேலை செய்த கைக்கு அப்புறம் தனிப்பெஞ்சு காட்டுவது கஷ்டம். மாதத்தில் ஒரு ஞாயிறு வேதபாடங்களில் ஒன்றை ஒரு பிள்ளை இந்தியில் வாசிக்கட்டும், சபையார் தமிழ் வேதாகமத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்கட்டும். பாடகர் குழுவிலும் கேட்டுப்பாருங்கள், அந்தப் பக்கத்துச் சபைகளில் நன்றாகப் பாடுவார்கள்.

மதமாற்றப் புகார் பற்றி. ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக இருப்பவர்கள் ஆராதிப்பது மதமாற்றம் ஆகாது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-லேயே திரும்பப் பெறப்பட்டும்விட்டது. சர்னா என்ற ஆதிவாசி வழிபாட்டைச் சேர்ந்த பிள்ளைகளோ இந்துப் பிள்ளைகளோ அறைத்தோழியோடு கூட வந்தால் அன்போடு வரவேற்று, சாப்பாடு போட்டு அனுப்புங்கள். உதவியையும் ஞானஸ்நானத்தையும் ஒருபோதும் முடிச்சுப் போடாதீர்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தேவைப்படுகிற நேரத்தில் ஒருவரை வளைத்துப் பிடிப்பது கிறிஸ்துவின் வழியே இல்லை.

இனி உங்கள் வீடு. உங்கள் கணவரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் கூட்டிவந்தீர்கள் போலிருக்கிறது. நல்ல காரியம்தான், ஆனாலும் வீடு இருவருக்கும் சொந்தம். அண்ணன் செயலாளராக இருக்கும்போது நாலு பேர் கேட்பார்களே என்ற சங்கடம் அவருக்கு இருக்கும். அடுத்த முறை அவரையும் கேட்டு நாள் வையுங்கள். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், கோயில் வளாகத்திலேயே டிபன் பாக்ஸைத் திறந்து சேர்ந்து சாப்பிடுங்கள். கொஞ்ச நாளில் அவரே பேச ஆரம்பிப்பார். ஒன்றாகச் சாப்பிடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எப்படிக் கொடுப்பது என்பதற்கு ரூத்தின் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. மோவாபியர் சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23-ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறது. அந்த மோவாபியப் பெண் பெத்லகேமில் கதிர் பொறுக்க வந்தாள். போவாஸ் முதலில் அவளுடைய பாதுகாப்பைப் பார்த்தார், வேலைக்காரர் யாரும் அவளைத் தொடக் கூடாது என்றார். தாகமெடுத்தால் குடிக்கத் தண்ணீர் எங்கே என்று காட்டினார். அறுக்கிறவர்களோடு உட்கார வைத்து வறுத்த கோதுமையைத் தந்தார். பொறுக்குவதற்கென்றே சிலவற்றைச் சிந்தவிடச் சொன்னார், அவளை அதட்ட வேண்டாம் என்றும் சொன்னார். அவள் வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ள வழி செய்தார். அந்த ரூத்தின் பெயர் மத்தேயு முதலாம் அதிகாரத்தில் நம் ஆண்டவருடைய வம்ச அட்டவணையில் நிற்கிறது.

ஆகவே பழைய புடவை மூட்டையோடு போகாதீர்கள். கொடுக்கும்போது போட்டோ எடுத்துச் சபைக் குழுவில் போடவும் விடாதீர்கள். என்ன வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். காய்ச்சல் வந்தால் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குக் கூட வந்து தமிழில் பேச ஒரு ஆள், ஊருக்குப் பணம் அனுப்பும்போது படிவம் நிரப்ப ஒரு கை என்று கேட்பார்கள். உங்கள் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளாலேயே முடிகிற உதவிகள்.

ஹாஸ்டல் விஷயத்தில் கவனம் வேண்டும். வெளியே வர நேரக் கட்டுப்பாடு இருக்கும். நீங்கள் அன்பாக இன்னும் கொஞ்ச நேரம் இரு என்று பிடித்து வைத்தால், திட்டும் தண்டனையும் அந்தப் பிள்ளைக்குத்தான். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டு, அதற்கு முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். முடிந்தால் பெரியவர் ஒருவர் வாசல்வரை போய் வார்டனிடம் முகம் காட்டிவிட்டு வரலாம். பெற்றோரிடமும் ஒருமுறை வீடியோ காலில் பேசுங்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளரைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது அங்கே எத்தனை வீடுகள் தூக்கமில்லாமல் இருந்தன என்று கேட்டால் சொல்வார்கள். பேசும்போது, சம்பளத்தைப் பிடித்து வைக்கிறார்கள், வெளியே விடுவதே இல்லை என்று ஏதாவது தெரியவந்தால் நீங்களாகக் கம்பெனியோடு மோத வேண்டாம். பதினெட்டு வயதாகாத பிள்ளை என்றால் 1098, பெண்களுக்கு 181, சட்ட உதவிக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. புகார் கொடுப்பதா வேண்டாமா என்று அந்தப் பிள்ளை சொன்ன பிறகே எதையும் செய்யுங்கள், சின்னப் பிள்ளையாக இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

உங்கள் கணவர் கேட்ட எல்லைக்கு இப்போது பதில். எல்லை உண்டு. கடன் கேட்டால் முடியாது என்று சொல்லலாம். குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்கிறவனை வெளியே அனுப்பலாம். உண்டியல் சாவியை நேற்று வந்தவரிடம் கொடுக்க வேண்டியதில்லை. இதெல்லாம் முதலூர்க்காரருக்கும் ராஞ்சிக்காரருக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பை சோதிப்பதென்றால் எல்லாருடைய பையும், இல்லையென்றால் யாருடையதும் வேண்டாம். கடிதம் கேட்பதென்றால் சென்னை உறவினரிடமும் கேளுங்கள்.

அந்த போன் விஷயம் இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹால், கமிட்டி எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. கோயிலுக்குள் வைத்து எல்லோர் முன்னாலும் அந்தப் பிள்ளைகளைத் திருடிகளாக நிறுத்தியாகிவிட்டது. போனைத் தொலைத்த அம்மாவிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள். அவரும் வெட்கத்தில்தான் ஒதுங்கியிருப்பார், குத்திக்காட்டாதீர்கள். நானும் கூட வருகிறேன், இரண்டு வார்த்தை சொல்லிவிடுவோம் என்று கேளுங்கள். வந்தால் நல்லது. வரவில்லை என்றால் பெண்கள் சங்கத்தின் சார்பில் நீங்கள் போய்ச் சொல்லுங்கள். தமிழ் கொஞ்சம் தெரிந்த பிள்ளையை வைத்து, உங்கள் பையைத் திறந்தது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நேராகச் சொன்னால் போதும், விளக்கம் எதுவும் வேண்டாம். அன்றைக்கு எல்லோரும் பார்த்தார்கள் என்பதால், ஆராதனை முடிந்து ஆட்கள் நிற்கும் நேரத்திலேயே, அந்தப் பெஞ்சுக்கே போய்ச் சொல்லுங்கள். வருகிற ஞாயிறே செய்துவிடுங்கள்.